மேல்கோட்டுக்காரர்

என் அக்காவின் கணவருக்கு டிப்போவில் வைத்த பெயர் மேல்கோடு. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அங்கே யாரும் விழிப்பார்கள். மேல்கோடு என்றால் வாட்ச்மேன்கூடக் கை காட்டுவார். தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். காலையில் இன்ஜின் மூடியைத் திறந்து ஆயில் குச்சியை உருவுவார், துணியில் துடைப்பார், மறுபடி செருகி உருவுவார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். அந்தக் குச்சியில் இரண்டு கோடுகள் உண்டு. ஆயில் கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால் இன்ஜினுக்கு ஆபத்து, மேல்கோட்டைத் தொட்டால் நிறைவு. இரண்டுக்கும் நடுவில் எங்கே நின்றாலும் தாராளமாக ஓட்டலாம் என்பது ஊர் உலகத்துக்கே தெரியும். அத்தானுக்கு நடுவில் என்று ஒன்று கிடையாது. பயணிகள் ஏறி உட்கார்ந்து, டைம் கீப்பர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு முறைத்தாலும் சரி, ஸ்டோருக்கு நடந்து போய் ஆயில் வாங்கி வந்து, மேல்கோடு நனைந்த பிறகுதான் சீட்டில் ஏறுவார்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இன்னொரு டிரைவர் கொண்டுவந்து விட்ட வண்டியை அப்படியே எடுத்துப் போயிருக்கிறார். பாதி ஏற்றத்தில் ஆயில் இல்லாமல் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. வண்டி நிறைய ஜனம் மூட்டை முடிச்சோடு ரோட்டில் இறங்கி நின்றது. தண்டனையாக ஒரு மழைக்காலம் முழுக்க அவரை டிப்போவில் பஸ் கழுவ வைத்தார்கள். "கழுவினதுல எனக்கு வருத்தமே இல்ல மாப்ள. எல்லாம் சரியா இருக்குன்னு அவன் சொன்னான், நான் நம்பிட்டேன் பாரு, அதான்" என்பார். அதன் பிறகு ஆயில் விஷயத்தில் அவர் தம் கண்ணைத் தவிர யார் கண்ணையும் நம்பியதில்லை.

ஓய்வு பெற்றதும் டிப்போ குடியிருப்பைக் காலி செய்ய வேண்டி வந்தது. கைக்கு வந்ததை வைத்து எல்லாரும் வீடு வாங்குவார்கள். இவர் வண்டி வாங்கினார். பஸ் சேஸிஸ் மேல் யாரோ ஆசை ஆசையாகக் கட்டிய மோட்டார் ஹோம். பழைய டீசல் இன்ஜின், அதுவும் பின்பக்கம். அதற்கு மேலேயே கட்டில். நடுவில் ஒரு அடுப்பு, ஒருவர் கை கழுவினால் இன்னொருவர் முழங்கையில் தண்ணீர் தெறிக்கிற தொட்டி, உடம்பைத் திருப்பிக்கொண்டு நுழைய வேண்டிய குளியலறை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டறை வாசலில் நிறுத்தி வைத்திருந்த அந்த வண்டியின் முன்னாலேயே கேட்டேன், புத்தி கித்தி பிசகிவிட்டதா என்று. அத்தான் சிரித்தார். அக்காதான் பதில் சொன்னாள்.

"இத்தனை வருஷம் இவர் போவார், நான் இருப்பேன். இப்ப ரெண்டு பேரும் போறோம். உனக்கு என்னடா வலிக்குது?"

எனக்கு வலிக்கத்தான் செய்தது, ஏனென்றால் அந்த வண்டிக்கு நிறுத்த இடம் கிடையாது. நான் பிளைவுட் வியாபாரம் செய்கிறவன். கடைக்குப் பின்னால் பலகை அடுக்குகிற ஷெட்டும், சிமென்ட் பூசிய முற்றமும் உண்டு. இரண்டு பயணங்களுக்கு நடுவில் மோட்டார் ஹோம் அங்கேதான் நிற்கும். வந்து நின்ற மறுநாளே தரையில் கருப்பு வட்டம். நான் மரத்தூளை அள்ளிப் போட்டுத் தேய்ப்பேன், வாயில் வந்ததைச் சொல்லித் திட்டுவேன். அத்தான் காதில் வாங்கவே மாட்டார். அவர் குச்சியைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள். கடலோரம், காடு, ஆற்றங்கரை என்று நினைத்த இடத்தில் நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கினார்கள். அக்கா ஜன்னல்களுக்கெல்லாம் அவளே திரை தைத்தாள். பாத்திரங்கள் வளைவில் உருளாமல் இருக்க அலமாரிக்குக் குறுக்கே கயிறு கட்டினாள். துவைத்த மிதியடிகளையும் தரை துடைக்கிற துணிகளையும் வண்டியின் பின்பக்க ஏணியில் கட்டிவிடுவாள். அடுத்த ஊர் போய்ச் சேர்வதற்குள் காற்றில் காய்ந்திருக்கும். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததில்லை.

பிறகு வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. அத்தானின் வார்த்தை அதுதான். காலையில் மேல்கோடு வரை நிறைத்துக் கிளம்பினால் மறுநாள் குறைந்திருக்கும். மறுபடி ஊற்றுவார். "நம்ம வண்டிக்குப் பசி ஜாஸ்தி மாப்ள" என்று, நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல் பெருமையாகச் சொல்வார். பக்கவாட்டுப் பெட்டியில் அக்காவின் வாளி இருந்த இடத்தை ஆயில் கேன்கள் பிடித்துக்கொண்டன. ஊற்றாத நாளே அபூர்வம் என்றானது.

அதற்குப் பிறகு சூடு. ஏற்றத்தில், ஸ்டியரிங்குக்கு முன்னால் சூட்டைக் காட்டுகிற முள் சிவப்பை நோக்கி நகரும். ஓரங்கட்டி நிறுத்தி, ஆறும்வரை காத்திருந்து, மறுபடி கிளம்புவார்கள். முதலில் மலைப்பாதைகளை விட்டார்கள், பிறகு வெயில் வேளைகளை விட்டார்கள், கடைசியில் பக்கத்து ஊருக்குப் போய் வருவதே பெரிய பாடாகிவிட்டது. ஒரு நாள் மதியம் மீட்பு வண்டி ஒன்று மோட்டார் ஹோமைக் கட்டி இழுத்துக்கொண்டு என் முற்றத்துக்குள் நுழைந்தது. அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு வந்தார். பக்கத்து இருக்கையில் அக்கா, மடியில் சோற்றுப் பானை. இறங்கும்போது பானையை என்னிடம் கொடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது.

எங்கள் பகுதியில் டீசல் இன்ஜினுக்கு ஒரே ஆள்தான். அரைக்கண் மூடியபடியே வேலை பார்ப்பான், அதனால் தூங்குமூஞ்சி என்று பெயர். ஆனால் கை சுத்தம். வந்தான், இன்ஜின் சத்தத்தைக் கேட்டான், முள்ளைப் பார்த்தான், அத்தான் ஆயில் ஊற்றுகிற கணக்கைக் கேட்டுத் தலையை ஆட்டினான்.

"இவ்ளோ குடிக்குது, சூடும் ஏறுதுன்னா உள்ள தேஞ்சு போச்சு சார். பிரிச்சுப் பாக்கணும். பிரிச்சாலும் இந்த இன்ஜினுக்குச் சாமான் கிடைக்காது. வந்த விலைக்குத் தள்ளிவிடறதுதான் உங்களுக்கு நல்லது."

அக்கா மகன் மறுநாளே வந்தான். நல்ல பையன், குறை சொல்ல முடியாது. அடுக்குமாடியில் அவனுக்கு ஒரு சின்ன வீடு. பின்பக்கம் ஒரு அறை, அதில் இஸ்திரிப் பலகையும் குழந்தையின் சைக்கிளும் இருக்கும், ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர். அதைக் காலி செய்து கட்டில் போட அளவெடுத்துவிட்டு வந்திருந்தான். வண்டிக்கு ஆளும் பார்த்திருந்தான். இன்ஜினை எடுத்துப்போட்டுவிட்டு, உடம்பை மட்டும் ரோட்டோரம் நிறுத்திச் சாப்பாட்டுக்கடை வைக்கப் போகிறவர். திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

"வந்துடுங்கப்பா. எதுக்கு இந்த வயசுல ரோட்டுல நின்னுக்கிட்டு" என்றான். என்னைத் தனியாக அழைத்துப்போய், "மாமா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க" என்றான். அவன் முகத்தில் பாசமும் இருந்தது, அந்தச் சின்ன வீட்டில் இன்னும் இரண்டு பேரா என்கிற கலக்கமும் இருந்தது. இரண்டையும் மறைக்க அவனுக்குத் தெரியவில்லை.

அத்தான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மனுஷன் ஒரு சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். காலையில் எழுந்து, ஓடாத வண்டியின் பின்னால் போய்க் குச்சியை உருவிப் பார்த்தார். அரை விரல் குறைந்திருந்ததாம். ஊற்றினார். அந்த அறையில், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, காலையில் எழுந்து இந்த ஆள் என்ன செய்வார் என்று நினைத்தேன். அக்கா என்ன நினைத்தாளோ, அவள் பாட்டுக்குத் துணி துவைத்தாள்.

வெள்ளிக்கிழமை தூங்குமூஞ்சி மறுபடி வந்தான். வாங்குகிறவர் இன்ஜின் வேண்டாம் என்றதால் எதை எதைத் தனியாகக் கழற்றி விற்கலாம் என்று பார்க்க வந்தான். அக்கா பின்பக்க ஏணியில் ஈர மிதியடிகளைப் போட்டிருந்தாள்.

"அம்மா, அதைக் கொஞ்சம் எடுத்துக்கிறீங்களா, பின்னாடி பாக்கணும்."

"எடுக்கறேன்ப்பா. வண்டிதான் ஓடலியே, தைரியமா காயப்போடலாம்னு போட்டேன். ஓடுற நாளா இருந்தா இவர் ஊத்தின அன்னைக்கு நான் ஏணிப் பக்கமே போகமாட்டேன்."

"எதை ஊத்தின அன்னைக்கு?"

"ஆயிலைத்தான். ஊத்திட்டு வண்டியை எடுத்தார்னா அன்னைக்கு ஏணி பூராக் கருப்பு. போட்ட துணி நாசமாப் போயிடும். ரெண்டு மூணு நாள் ஓடினாச் சுத்தமாயிடும், அப்பப் போடலாம். எங்க, அதுக்குள்ளதான் இவர் மறுபடி ஊத்திடறாரே. மூணு மிதியடியைத் தூக்கி எறிஞ்சாச்சு."

தூங்குமூஞ்சிக்கு இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு மூணு நாள் கழிச்சு நிஜமாவே சுத்தமாயிடுதா?" என்று கேட்டான்.

"துவைக்கிறவளுக்குத் தெரியாதா?"

அவன் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனான். இன்ஜினுக்கு மூச்சு விட ஒரு குழாய் உண்டு. அதன் வாயில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே ரேடியேட்டர் தெரியவில்லை. அதற்கு முன்னால் ஆயிலும் புழுதியும் சேர்ந்து கம்பளிபோல் ஒரு படலம். விரலால் கிழித்துக் காட்டினான்.

"சார், இந்த வண்டி குடிக்கல. துப்புது. உள்ள தேஞ்சிருந்தா தினமும் கக்கும், இது அதிகமா இருந்ததைத் துப்பினதும் நிறுத்திடுது. அளவுக்கு மேல ஆயில் நின்னா உள்ள சுத்துற தண்டு அதைக் கடைஞ்சு மூச்சுக்குழாய் வழியா வெளிய தள்ளிடும். ஃபேன் அதை இழுத்து ரேடியேட்டர் மேல பூசுது. அதுல புழுதி ஒட்டி அடைச்சிருக்கு. அப்புறம் சூடு ஏறாம என்ன பண்ணும்?"

அத்தானுக்குச் சுருக்கென்றது. "மேல்கோட்டுக்கு மேல ஒரு சொட்டு ஊத்தினவன் இல்ல நான்" என்றார்.

"கோடே தப்பா இருந்தா?"

கோடு தப்பாக இருக்கும் என்று அவர் ஆயுசில் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

சனிக்கிழமை காலை பரீட்சை நடந்தது. பழைய ஆயில் முழுவதையும் என்னுடைய பெயின்ட் டப்பாக்களில் வடித்தார்கள், கேட்காமல்தான். இன்ஜின் மேல் அடித்திருந்த தகட்டில் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று போட்டிருந்தது. அந்த அளவை அளந்து ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்து, ஆயில் கீழே இறங்கும்வரை காத்திருந்தார்கள். தூங்குமூஞ்சி குச்சியை உருவி அத்தானிடம் நீட்டினான். இரண்டு கோட்டுக்கும் சரி பாதியில் நின்றது.

"பாதிதான் இருக்கு" என்றார் அத்தான்.

"இல்ல சார், முழுசா இருக்கு. இந்த வண்டியைக் கட்டினவன் வேற எதோட குச்சியையோ கொண்டுவந்து சொருகியிருக்கான். இதோட மேல்கோடு உங்க இன்ஜினுக்கு ரொம்ப மேல." அரத்தை எடுத்து, ஆயில் நின்ற இடத்தில் ஒரு வெட்டுப் போட்டான். "இனிமே இதுதான் நிறைவு."

அத்தான் அங்கேயே ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப நான்தானா" என்றார். "அது எதுவுமே கேக்கல. நான்தான் குடுத்துக்கிட்டே இருந்திருக்கேன். குடுத்துக் குடுத்தே சாகடிச்சிருக்கேன்."

எனக்கு அவர்மேல் வந்த பரிதாபம் அக்காமேல் கோபமாகத் திரும்பிவிட்டது. இத்தனை நாள் வாயைத் திறந்து சொல்வதற்கென்ன என்று எகிறினேன். அவள் சோப்பு நுரைக் கையை உதறினாள்.

"எல்லா வண்டியும் அப்படித்தான் பண்ணும்னு நெனச்சேன். அந்தக் குச்சிப் பக்கம் என்னை என்னைக்காவது விட்டிருக்காரா? எனக்குத் தெரிஞ்சது என் மிதியடி மட்டும்தான்டா."

மண்ணெண்ணெய் அடித்து, தண்ணீரைப் பீய்ச்சி ரேடியேட்டரைக் கழுவினார்கள். கருப்புத் தண்ணீர் என் முற்றம் முழுக்க ஓடி ஷெட் வாசலில் தேங்கியது. நல்ல பலகை நாலு ஊறிப்போனது. அன்றைக்கு நான் திட்டவில்லை.

போகும்போது தூங்குமூஞ்சி தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனான். "உள்ள சேதம் ஆகலைன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது சார். இத்தனை தடவை சூடேறியிருக்கு. நாளைக்கு மலை ஏறிப் பாருங்க. சூடு ஏறாம, ஆயில் இந்த வெட்டுலயே நின்னா வண்டி நல்லா இருக்கு, நீங்க பாட்டுக்குப் போங்க. குறைஞ்சா நான் ஆரம்பத்துல சொன்னதுதான், அந்த ஆளுக்கே குடுத்துடுங்க. ஆனா நடுவுல ஒரு சொட்டு ஊத்தினாலும் ஒண்ணும் தெரியாமப் போயிடும். கையைக் கட்டிக்கிட்டு இருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை மூவரும் கிளம்பினோம். அக்கா வழக்கமான இடத்தில், நான் சாப்பாட்டு மேஜை பெஞ்சில். ஊரைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பித்தது. அத்தான் கியரை மாற்றுவார், முள்ளைப் பார்ப்பார், ரோட்டைப் பார்ப்பார். நான் முள்ளை மட்டுமே பார்த்தேன். மலைப்பாதையை விடுவதற்கு முன் கடைசியாகக் கொதித்து நின்ற வளைவில் இன்னும் ரோட்டோரக் கல்லில் ஆயில் கறை இருந்தது. அதைத் தாண்டும்போது முள் பாதியில் நின்றது. அடுத்த வளைவிலும் அங்கேயே நின்றது. ஒரு கல் லாரியின் பின்னால் ஊர்ந்து போக வேண்டி வந்தபோது கொஞ்சம் அசைந்தது, லாரி வழி விட்டதும் இறங்கிவிட்டது. அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

உச்சியில் லாரிகள் இளைப்பாற நிற்கிற சமதளத்தில் நிறுத்தினார். சூட்டுச் சோதனையில் வண்டி தேறிவிட்டது. இனி ஆயில்தான். அது கீழே இறங்க நேரம் கொடுத்துவிட்டுப் பின்னால் போனார். நாங்களும் போனோம். மூடியைத் திறந்தார், உருவினார், துடைத்தார், செருகி உருவினார். எட்டிப் பார்த்தேன். ஆயில் புது வெட்டிலேயே நின்றது, மயிரிழை குறையவில்லை. எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

அத்தான் வெட்டைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே, மேல்கோடு வரைக்கும் காய்ந்து கிடந்த வெறும் இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். குச்சியை ஒரு கையில் பிடித்தபடியே நடந்து போய்ப் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தார். கேனை எடுத்தார். வந்து நின்று மூடியைத் திருகினார். நான் கத்தப் போனேன். அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள், நகம் பதிந்தது. கேனின் வாய் இன்ஜின் பக்கம் சாய்ந்தது.

கேனைத் தரையில் வைத்தார். ஊற்றவில்லை. குச்சியை அக்காவிடம் நீட்டினார்.

"இந்தா. இனிமே நீயே பாரு. எனக்குக் கை நிக்காது."

அக்கா தயங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எந்த வண்டியின் ஆயில் குச்சியையும் தொட்டதில்லை. வாங்கி, அவர் செய்வதுபோலவே துடைத்தாள், செருகினாள், உருவினாள், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"வெட்டுலதான் நிக்குது."

"மேல்கோட்டுக்குக் கீழதானே?"

"ஆமா, கீழதான். அது இருக்க வேண்டிய இடத்துல இருக்கு."

"என்னைச் சமாதானப்படுத்தச் சொல்றியா?"

அவள் குச்சியை அவர் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனாள். அத்தான் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டார்.

"காட்டாத. பாத்தா ஊத்திடுவேன். நீ சொன்னாப் போதும்."

சொல்லிவிட்டு அவர் முன்பக்கம் நடந்து போய் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அக்கா குச்சியைச் செருகி, மூடியை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள். கேனை நான் தூக்கிக்கொண்டேன்.